மூத்த பந்தயத்துக்கு ஒரே ஒரு வரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் குதிரைப் பந்தயங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். டெர்பிக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள், சரி. ஆனால் கிளாசிக் என்று சொல்லப்படும் ஐந்து பந்தயங்களில் எல்லாவற்றுக்கும் மூத்ததான செயின்ட் லெஜருக்கு ஒரே ஒரு வரிதான். அதுவும் டெர்பியைப் பார்த்துத் தொடங்கிய பந்தயம் என்கிற தொனியில். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

லெஜர் முதன்முதலாக நடந்தது 1776 செப்டம்பர் 24 அன்று, யார்க்‌ஷரில் டான்காஸ்டர் ஊரை ஒட்டிய கான்ட்லி பொட்டலில். டெர்பி அதற்கு நான்கு வயது இளையது. முதல் ஆண்டு இந்தப் பந்தயத்துக்குப் பெயரே கிடையாது. ஜெயித்த பெண் குதிரைக்கும் பெயர் இல்லை. அலபாகுலியா என்பது பின்னால் வைத்த பெயர். அதன் சொந்தக்காரர் ராக்கிங்ஹம் பிரபு, இரண்டு முறை பிரிட்டனின் பிரதமரானவர். பந்தயத்தைத் தொடங்கி வைத்த ஆன்டனி செயின்ட் லெஜர் ஒரு ராணுவ அதிகாரி. 1778இல் அவர் பெயரையே பந்தயத்துக்குச் சூட்டினார்கள். அந்த ஆண்டே பந்தயம் டவுன் மூர் மைதானத்துக்கு மாறியது.

மூன்று வயதுக் குதிரைகள் ஒன்றே முக்கால் மைலுக்கும் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டும். டெர்பி ஒன்றரை மைல்தான். ஐந்தில் இன்னொன்றான கினீஸ் பந்தயத்தில் வேகமான குதிரை ஜெயிக்கும், டெர்பியில் அதிர்ஷ்டமுள்ள குதிரை ஜெயிக்கும், லெஜரில் சிறந்த குதிரை ஜெயிக்கும் என்று அங்கே பழைய சொல் ஒன்று உண்டு. இந்த மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றால் அதுதான் மும்முடி. கடைசியாக அதை வென்றது 1970இல் நிஜின்ஸ்கி என்ற குதிரை. அந்தப் பந்தயத்தின் பழைய ஒளிப்பதிவை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. லெஜருக்குச் சில வாரம் முன்புதான் அந்தக் குதிரைக்குப் படர்தாமரை வந்து உடம்பில் முடி கொட்டியது, சேணம்கூட வைக்க முடியவில்லை. அப்படியும் ஜாக்கி லெஸ்டர் பிகாட் கையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க, அது பாட்டுக்கு முன்னால் வந்து ஜெயித்தது.

வினை அப்புறம்தான் தொடங்கியது. மூன்று வாரம் கழித்துப் பாரிஸில் நடந்த ஆர்க் பந்தயத்தில் நிஜின்ஸ்கி ஒரு குதிரைத்தலை நீள வித்தியாசத்தில் தோற்றது. பழி லெஜர் மேல் விழுந்தது. இவ்வளவு தூரம் ஓடவிட்டால் குதிரை களைத்துவிடும், நெடுந்தூரக் குதிரை என்று பெயர் வந்துவிட்டால் இனப்பெருக்கப் பண்ணையில் விலை போகாது என்று சொந்தக்காரர்கள் ஒதுங்க ஆரம்பித்தார்கள். அதன்பின் டெர்பியையும் லெஜரையும் சேர்த்து வென்றது 1987இல் ரெஃபரன்ஸ் பாயின்ட் மட்டுமே. 2012இல் கேமலாட் துணிந்து மும்முடிக்குக் குறிவைத்து லெஜருக்கு வந்து, குதிரை உடல் நீளத்தில் முக்கால் பங்கு தூரத்தில் தோற்றது. தோற்றாலும் வந்ததே, அதற்காகவே அந்தக் குதிரை மேல் எனக்கு மரியாதை.

பண்ணையில் விலை போகாது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜப்பானில் லெஜரைப் பார்த்து அமைத்த கிக்கா ஷோ 3,000 மீட்டர். டீப் இம்பாக்ட் என்ற குதிரை 2005இல் அதை வென்று ஜப்பானிய மும்முடி சூடியது. பிறகு அந்நாட்டின் தலைசிறந்த பொலிகுதிரையாக விளங்கியதும் அதுவே. அதன் குட்டி கான்ட்ரெயில் 2020இல் அப்பனைப் போலவே தோல்வி காணாமல் மூன்றையும் வென்றது.

அயர்லாந்தில் தங்கள் லெஜரை 1983லேயே மூத்த குதிரைகளுக்கும் திறந்துவிட்டார்கள். டான்காஸ்டரில் இன்னும் மூன்று வயதுக் குதிரைகள் மட்டும்தான். அங்கே பந்தயம் செப்டம்பரில் வரும். அதற்குள் லெஜருக்கென்று ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்