மேலே நடை

கீழ் வீட்டு அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்,

தலைவலியால் நடு ராத்திரியில் எழுந்து நடக்காமல் 16 இரவுகள் போயிருக்கின்றன. சத்தமாகச் சொல்லப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நடந்ததையெல்லாம் மறுபடி சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள் நீங்கள், எனக்குத்தான் பாதி நினைவில்லை. பிடுங்கிய கடைவாய்ப் பல், சைனஸ் என்று விழுங்கிய மாத்திரைகள், ஒன்றுமில்லை என்று வந்த ஸ்கேன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

கீழ் வீட்டு ஐயா படுத்த படுக்கையாக இருக்கிறார். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அம்மா ஒற்றை ஆளாக அதைச் செய்கிறார். எந்த மாத்திரை எப்போது கொடுத்தது, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பியது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் குறித்து வைப்பார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை படியில் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

ஒரு நாள் படியில் நிறுத்தினார். "மேல நடக்கிறது நீதானேம்மா?"

எனக்கு உடம்பு கூசிவிட்டது. "மன்னிச்சிடுங்கம்மா, உங்க தூக்கம் கெடுதா?"

"எனக்கு ஏது தூக்கம். அதை விடு. தினமும் ஒரே நேரத்துக்கு நடக்கிறியே, அலாரம் வெச்சு எழுந்திருக்கிறியா?"

"ஒரே நேரமெல்லாம் இல்லம்மா. அது எப்ப வேணா வருது."

"எப்ப வேணாவா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் எழுதி வெச்சிருக்கேனே."

இரண்டு நாள் கழித்து, மடித்த இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தார். நோட்டு ஐயாவுக்கு வேண்டும் என்பதால், என்னைப் பற்றிய வரிகளை மட்டும் பார்த்துப் பார்த்துத் தனியாக எழுதியிருந்தார். 23 இரவுகள். "1.40 மேலே நடை. 2.25 நின்றது." "1.35 மேலே நடை. சுவரில் இடிக்கும் சத்தம். 2.30 நின்றது." "1.45 மேலே நடை. அழுகை." 19 இரவுகளில் ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில்தான் தொடக்கம். "முதல்ல கோவத்துலதான் எழுதினேன்" என்றார். "வீட்டு ஓனர்கிட்ட காட்டி உன்னை ஒரு வழி பண்ணணும்னு. அழுகை கேட்ட அன்னிக்குத்தான் அந்த எண்ணம் போச்சு."

வலிக்கு டைரி எழுதச் சொல்லி எத்தனையோ பேர் சொன்னார்கள். கண்ணுக்குப் பின்னால் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துத் திருகும்போது யார் கடிகாரத்தைப் பார்ப்பது? எனக்காக இன்னொருவர் பார்த்திருக்கிறார்.

அந்தத் தாள்களோடுதான் புதிதாக ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் என்னைப் பேசச் சொல்லாமல் முதலில் அதைப் படித்தார். பிறகு மூன்றே கேள்விகள். வலி வரும் பக்கத்துக் கண்ணில் தண்ணீர் கொட்டுமா? அந்தப் பக்க மூக்கு அடைக்குமா, இமை தொங்குமா? இந்த "நடை" என்றால் என்ன?

மூன்றாவதுக்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. ஒன்றரை வருடமாக எந்த டாக்டரிடமும் சொல்லாமல் மறைத்தது அதைத்தான். வலி வந்தால் உட்கார முடியாது, படுக்க முடியாது. கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி சுற்றுவேன், நெற்றியைச் சுவரில் முட்டுவேன். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். "ஒரு பக்கம் மட்டும் வலிக்குது" என்று நான் சொல்வேன், அவர்கள் "ஒற்றைத் தலைவலி" என்று எழுதுவார்கள். நம் மொழியில் மைக்ரேனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் என்னைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மைக்ரேன் வந்தவர்கள் இருட்டறையில் அசையாமல் கிடப்பார்களாம், ஓர் அடி எடுத்து வைத்தாலும் வலி கூடுமாம். எனக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி என்றார் மருத்துவர். அது வந்தவர்களால் ஓரிடத்தில் இருக்கவே முடியாதாம். அந்த ஒரு வித்தியாசத்தை அம்மாவின் நோட்டு 23 முறை எழுதி வைத்திருந்தது.

மிச்சத்தை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு தாக்குதலும் 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடிக்கும், ஒரு நாளில் 8 வரைகூட வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள் வந்து, பிறகு மாதக்கணக்கில் விட்டுவிடும். ஒரு வருடத்துக்கு மேல், 3 மாத இடைவெளிகூடக் கொடுக்காமல் வந்தால் அது நாள்பட்ட வகை, அதாவது என் வகை. மணி அடித்தாற்போல் வருவதற்கு, மூளையில் உடலின் கடிகாரம் இருக்கிற ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்கும் இதில் பங்கு இருப்பது காரணமாக இருக்கலாம் என்றார். தாக்குதலின்போது அந்தப் பகுதி தூண்டப்படுவதை 1998இல் பெட் ஸ்கேனில் (மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) பார்த்திருக்கிறார்கள். ஆண்களுக்குத்தான் அதிகம் வரும், அதனாலேயே பெண்களிடம் கண்டுபிடிக்கத் தாமதமாகும் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதுவும் இரண்டு கண்ணிலும். வலிக்கும்போது ஒரு கண்தான் அழும்.

மருந்து என்று அவர் முதலில் எழுதியது ஆக்ஸிஜன். நான் நம்பவில்லை. 2009இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார்: நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்ததில் 78 சதவீதத் தாக்குதல்கள் 15 நிமிடத்துக்குள் அடங்கியிருக்கின்றன, வெறும் காற்று கொடுத்ததில் 20 சதவீதம்தான். வீட்டுக்கு முதலில் வந்த ரெகுலேட்டர் 5 லிட்டருக்கு மேல் திறக்காது, மாஸ்க்கிலும் ஆக்ஸிஜன் நிரம்பும் பை இல்லை. ஒரு வாரம் அதை வைத்துக்கொண்டு, இதுவும் எனக்கு வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். சிலிண்டர் மாற்ற வந்த தம்பிதான் மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்து, "அக்கா, இதுல 15 லிட்டர்னு போட்டிருக்கே" என்று மறுநாளே சரியானதைக் கொண்டுவந்து மாட்டினார். அன்றிரவு 1.40க்கு வலி வந்ததும், முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்து மாஸ்க்கை அழுத்திப் பிடித்தேன். பை உப்பியது, சுருங்கியது, உப்பியது. 2 மணிக்குள் வலி இறங்கிவிட்டது. காலையில் படியில் அம்மா, "நேத்து நடையே இல்லையே, ஊர்ல இல்லியா?" என்றார்.

அதன் பிறகு பிடரியில் போட்ட நரம்பு ஊசி, படிப்படியாக ஏற்றிய வெராபமில். அது இதயத்துக்கான மருந்து என்பதால் அளவை ஏற்றும்போதெல்லாம் ஈசிஜி. தீர்ந்துவிட்டது என்று எழுதவில்லை. இது நாள்பட்டது, திரும்ப வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வந்தால் என்ன செய்வது என்பதும் இப்போது தெரியும்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வலி நேரத்தில் என்னைத் தொடாமல் கதவருகே நிற்கக் கற்றுக்கொண்ட கணவருக்கு (தொட்டால் நான் என்னவெல்லாம் கத்தினேன் என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை). "அம்மா நடந்து முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கப் போகும் மகளுக்கு. என் காலை வேலையை மதியத்துக்குத் தள்ளிய அலுவலக நண்பர்களுக்கு. ஈசிஜி அறையில் ஒவ்வொரு முறையும் "இந்த தடவையும் நல்லா இருக்கு" என்று எனக்கு முன்பே சந்தோஷப்படும் அக்காவுக்கு. இதே வலியோடு எங்கெங்கோ விழித்திருந்து எனக்குப் பதில் எழுதியவர்களுக்கு. "தலைவலிதானே" என்றவர்களிடமும் எனக்கு இப்போது கோபமில்லை. மின்சாரம் போனாலும் தலைவலி, வரி கட்டினாலும் தலைவலி என்றுதானே பேசுகிறோம். வேறு சொல் இல்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

அம்மா, உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறேன். வலி வராவிட்டாலும் 1.40க்கு எனக்கு இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் ஐயாவைத் திருப்ப நான் கீழே வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து கதவைத் தட்டியபோது ஒன்றும் சொல்லாமல் திறந்தீர்கள். நான் பாட்டுக்கு ஐயாவின் தோளைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"தோளைப் பிடிக்காதே, அவருக்கு வலிக்கும். விரிப்பைப் பிடி" என்று அதட்டினீர்கள். பிடித்தேன். இருவரும் சேர்ந்து இழுத்ததில் ஐயா சுலபமாகத் திரும்பினார். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோட்டை எடுத்து, மணியைக் குறித்தீர்கள்.