நூறு நாள் வேலை நேரத்தைக் கோடை முடியும்வரை மாற்றித் தரக் கோரி மனு

அனுப்புநர்: ஏரி வேலைக்குப் போகும் பெண்கள், ஜவ்வாது மலை அடிவாரக் கிராமம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
நாள்: 12.05.2025, மக்கள் குறைதீர்க்கும் நாள்.

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர் ஏரியில் தூர் எடுக்கும் வேலை நடக்கிறது. வேலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, நாள் கூலி 336 ரூபாய் எங்களுக்குப் பெரிய காசு. நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

கத்திரி வெயில் 4ஆம் தேதி தொடங்கியது. காலை பத்து மணிக்கே புழுக்கம் தாங்கவில்லை, வியர்வை உடம்பிலேயே நிற்கிறது, காய்வதே இல்லை. பகல் ஒன்றரைக்கு மலைக்கு மேலே மேகம் கோபுரம் மாதிரி எழும்ப ஆரம்பிக்கும், இரண்டரைக்குள் கறுத்துக்கொண்டு காற்றோடு இறங்கிவிடும். தரை சூடேறி ஈரக்காற்று மேலே போவதால் வருகிற மழை, வெப்பச்சலனம் என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்களே, அதுதான். சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் திறந்த ஏரிக்குள், கையில் கடப்பாரையோடு நிற்கிறோம். ஏனென்றால் வருகைப் பதிவுக்குப் போனில் எங்களை இரண்டு தடவை போட்டோ எடுக்கிறார்கள், முதல் போட்டோ காலை ஒன்பதரைக்கு, இரண்டாவது போட்டோ இரண்டு மணிக்கு மேல். அதற்கு முன்னால் கிளம்பினால் அன்றைய கூலி போய்விடுமோ என்று யாரும் நகர்வதில்லை.

போன வியாழக்கிழமை மின்னல் வெட்டி மூன்று எண்ணுவதற்குள் இடி விழுந்தது. மூன்று என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அடுத்தது கரையில் இருந்த பனைமரத்திலேயே இறங்கியது, உச்சி புகைந்தது, கீழே கட்டியிருந்த ஆடு செத்துவிட்டது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அந்த மரத்தடியில்தான் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்து கூழ் குடித்தோம்.

நிழலுக்கு என்று நான்கு இரும்புக் குழாய் நட்டுப் பச்சை வலை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலுக்குச் சரி, மின்னலுக்கு அதன் கீழே நிற்பதைவிட மழையில் நனைந்துகொண்டே ஓடலாம். பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் என்றால் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அது கோடை விடுமுறைக்குப் பூட்டிக் கிடக்கிறது.

அதனால் ஐயா, முதல் போட்டோவைக் காலை ஆறரைக்கும் இரண்டாவதைப் பதினொன்றரைக்கும் எடுக்க உத்தரவு போடுங்கள். ஆறு மணி என்று வைத்துவிடாதீர்கள், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வருகிறவர்கள் எங்களில் பாதிப் பேர். பள்ளிக்கூடச் சாவி ஒன்று பணித்தளப் பொறுப்பாளர் கையில் இருக்கட்டும். வருகை எடுக்கிற அதே போனில் தாமினி செயலியையும் போட்டுவிட்டால் பக்கத்தில் மின்னல் வருவது முன்கூட்டியே தெரியும், அது புனேயில் இருக்கிற மத்திய அரசு வானிலை ஆய்வு நிறுவனத்தினுடையது, இலவசம்தான். அப்புறம் முக்கியமாக, இடி கேட்டு நாங்கள் கரையேறினால் அந்த நாள் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் அடுத்த வாரமே மாறிவிடுகிறது.

கத்திரி 28ஆம் தேதிதான் முடிகிறது. இந்த வாரத்துக்குள் உத்தரவு வந்தால் மறுநாள் ஆறரைக்கு எல்லோரும் ஏரியில் இருப்போம்.

இப்படிக்கு,
ஏரி வேலைக்குப் போகும் பெண்கள்
(கையொப்பமும் கைரேகையும் பின்பக்கம்)