பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா?

அன்பு நண்பா,

கண் அறுவைக்குப் பிறகு நீ உன் கையாலேயே எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. ஒரு முடிவுக்கு வந்தபின் எழுதலாம் என்றிருந்தேன்.

இதயத்தைத் துடிக்க வைக்கும் என் பேஸ்மேக்கர் கருவியின் பேட்டரி தீரும் தறுவாயில் இருக்கிறது. ஒன்பது ஆண்டு உழைத்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இதயத்துக்குள் போகும் பழைய கம்பிகளை அப்படியே விட்டுவிட்டு, பேட்டரி இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், சின்ன வேலைதான் என்று நினைத்துப் பரிசோதனைக்குப் போனேன். எக்கோ என்ற இதய ஸ்கேனில் வேறு சேதி வந்தது. என் இடது கீழறை தன்னுள் நிறையும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றுவது முன்பு 60 சதவீதமாக இருந்தது, இப்போது 40. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியதை எல்லாம் வயதின் மேல் பழி போட்டுவந்திருக்கிறேன்.

மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். இதயத்தின் நடுச்சுவர் முதலில் சுருங்குகிறது. இடப்பக்கச் சுவர் சற்றுப் பிந்தி வருகிறது. ஈரத்துணியை இருவர் பிழியும்போது ஒருவர் மட்டும் தாமதித்தால் எப்படியோ, அப்படி. கம்பியின் நுனி வலது கீழறையில் இருப்பதால் மின்துடிப்பு அங்கே தொடங்கித் தசை வழியாக மெல்ல ஊர்ந்துதான் இடப்பக்கம் சேர்கிறது. எல்லோருக்கும் இதனால் கெடுதல் வருவதில்லையாம். எனக்கோ ஏறக்குறைய ஒவ்வொரு துடிப்பும் கருவி கொடுப்பது. அதை அன்றே உணர்ந்தேன். என் சொந்தத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்கக் கருவியின் வேகத்தைச் சில நொடிகள் குறைத்தார்கள். காது அடைத்தது, விளக்கு மங்கிக்கொண்டே போனது, கை தானாகக் கட்டிலின் விளிம்பைப் பற்றியது.

நீ எழுதியிருந்த கம்பியில்லாப் பேஸ்மேக்கரைப் பற்றியும் கேட்டேன். தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள்ளேயே கொண்டுபோய்ப் பொருத்தும் சிறு குப்பி அது. மார்பில் வெட்டு இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் வலது கீழறையில்தான் உட்காரும். என் தொல்லைக்குக் காரணமே அந்த இடம்தானே! கம்பியில் கிருமி தொற்றியவர்களுக்கு அது வரம், எனக்கில்லை.

எனக்கு வழி இரண்டு. இதயத்தின் சிரை வழியே மூன்றாவது கம்பியை இடப்பக்கம் சேர்த்து, இரு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்க வைப்பது ஒன்று. இருபது ஆண்டுக்கு மேல் கைப்பழக்கம் உள்ள முறை. கம்பியை நடுச்சுவருக்குள் திருகி, இதயத்தின் சொந்த மின்பாதையான இடது கிளையைப் பிடிப்பது மற்றது. 2017இல்தான் இது முதன்முதலாக வெளியுலகுக்குத் தெரிந்தது. துடிப்பு இயற்கையான வழியிலேயே ஓடும் என்பதால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

பயம் இல்லாமல் இல்லை. பழைய கம்பிகள் கிடக்கும் சிரை அடைபட்டிருக்கலாம். ஒருமுறை திறந்த இடத்தை மறுபடி திறந்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பும் கூடும். இதை எண்ணியே இரண்டு இரவு தூங்கவில்லை. உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட முதல் மனிதரான சுவீடன்காரர் ஆர்னே லார்சனை அப்போது நினைத்துக்கொண்டேன். 1958இல் வைத்த முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. அதன் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட முறை மாற்றிக்கொண்டு, 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். பெட்டியை மாற்றவும் அதே இடத்தைத் திறக்கத்தான் வேண்டும். இன்று பயந்து அத்தோடு விட்டுவிட்டு, இதயம் இன்னும் சோர்ந்தபின் மறுபடி திறப்பதா? இந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குத் தயக்கம் இல்லை.

வியாழக்கிழமை சிரையில் மருந்து செலுத்திப் படம் எடுக்கிறார்கள். வழி இருந்தால் இடது கிளை. அது சரியாக அமையாவிட்டால் அதே மேசையிலேயே மூன்றாவது கம்பி. இப்படித்தான் மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறேன். அன்று நீ வெளியே உட்கார்ந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். கண்ணுக்குப் பயணம் ஆகாது என்றால் வராதே. ஆனால் சொட்டு மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடாதே.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்