நான்கு விடைகளில் ஒன்றா வரலாறு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை பற்றிய உங்கள் கட்டுரையில், வரலாறு எடுத்தால் குரூப் தேர்வுக்கு உதவும் என்று ஒரு வரி வருகிறது. எங்கள் பக்கமும் இதைச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முதுகலை வரலாறு படிக்கும் எனக்கு, அந்தத் தேர்வு கேட்பதும் இந்தப் படிப்பு கேட்பதும் ஏறக்குறைய நேரெதிராகத் தெரிகின்றன. அங்கே நான்கு விடையில் சரியானதைத் தொட வேண்டும். இங்கே ஒரே கேள்விக்கு எப்படி நான்கு விடை வந்தது என்று பார்க்க வேண்டும்.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அடித்துப் போனது. அதில் இறந்தவர்கள் 115 என்று எழுதுபவர்கள் உண்டு. 200 வரை என்பவர்களும் உண்டு. எது சரி என்பதற்கு முன்னால், யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள் என்று கேட்க வேண்டும். விற்ற டிக்கெட்டை வைத்து எண்ணினால், டிக்கெட் வாங்காமல் ஏறியவர் அந்தக் கணக்கில் பயணியே இல்லை. அதனால் சாகவும் இல்லை. சரி, அப்படியானால் ஊர்க்காரர்கள் சொல்வதுதான் உண்மையா? அதையும் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. இத்தனை வருஷத்தில் ரயிலோடு போனவர்களும் குடிசையோடு போனவர்களும் பேச்சில் ஒன்றாகக் கலந்திருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் யார் இல்லாமல் போனார் என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும், டிக்கெட் கணக்கிடம் அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலும் எண்ணிக்கை துல்லியமாகிவிடாது. ஒவ்வொன்றும் யாரை விட்டுவிட்டது என்பது தெரியும்.

ஓரியூர் இதைவிடச் சிக்கல். 1693-இல் அங்கே கத்தோலிக்கப் பாதிரியார் அருளானந்தர் கொல்லப்பட்டதை அவர் சார்ந்த சேசு சபையினரின் கடிதங்கள் விரிவாகச் சொல்கின்றன. அவற்றில் அது வேதசாட்சி மரணம், அதாவது மதத்துக்காக உயிரைக் கொடுத்தது. அப்போது ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் பக்கமிருந்து பார்த்தால் வேறு கதை. அருளானந்தரால் கிறித்தவரான மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப்பெண். இதை வகுப்பில் சொன்னதும், "அப்போ கொன்றது சரிங்கிறியா?" என்று ஒரு குரல் வந்தது. ஏன் நடந்தது என்று சொல்வது வேறு, நடந்தது சரி என்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்கே இளங்கலை முடியும்போதுதான் பிடிபட்டது.

பழைய துறைமுகமான பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அதனால் சீனர்கள் குடியிருந்தார்கள் என்று ஆகிவிடாது. ஏற்றி வந்த கப்பல் யாருடையது என்பது தனிக் கேள்வி.

இத்தனையும் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்க, நாங்கள் நோட்ஸை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண்ணுக்கு எட்டுக் காரணம் எழுதுகிறோம். எட்டில் எது முக்கியம், ஏன் என்று தேர்வுத்தாள் கேட்பதில்லை. அதை மட்டும் கேட்டாலே பாதி நோட்ஸ் காலாவதியாகிவிடும்!

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அலுவலகத்தில் 1964 டிசம்பர் கடைசி வாரத்தில் வந்த உங்கள் இதழ்கள் இருந்தால், இந்த மாவட்ட மாணவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்க அனுமதியுங்கள். புயல் பற்றிய செய்தி மட்டுமல்ல, அப்போது வந்த வாசகர் கடிதங்களும் வேண்டும்.

வரலாறு முதுகலை மாணவி,
மண்டபம்