அம்மி கொத்தலையோ, மாப்ளே

பல்லாவரம்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள மாப்ளே,

திட்டாதே. எட்டு மாசமா எழுதலைன்னு எனக்கே தெரியும். போன்ல பேசினா பாதிப் பேச்சுல "லாரி வந்துடுச்சு"ன்னு ஓடிடுறே. அதான் பழையபடி பேப்பரும் பேனாவும். இங்கே எல்லாரும் சுகம். உன் தங்கச்சிக்கு முட்டி வலி அப்படியேதான். பெரியவ காலேஜ்ல ஜியாலஜி ரெண்டாம் வருஷம். சின்னவன் எதையாவது பிரிச்சு மாட்டுறான், ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாகுது. யாரைக் கொண்டிருக்கான்னு நீயே சொல்லு.

விஷயம் ரெண்டு இருக்கு. சிரிக்கிறதை முதல்ல சொல்லிடுறேன்.

மெஷின் வாங்கிட்டேன்! பின்னாடி நடந்துகிட்டே தள்ளுற ஃப்ளோர் கட்டர். பெட்ரோல் இன்ஜின், மேலே தண்ணி டேங்க், 18 இஞ்ச் பிளேடு வரைக்கும் ஏறும். தவணையிலதான். பிளேடுல வைரம் இருக்குன்னு வாயை விட்டேன், "எனக்கு ஒரு மூக்குத்திக்கு வழியில்லே, மெஷினுக்கு வைரமா"ன்னு உன் தங்கச்சி ரெண்டு நாள் பேசலே. ஃபேக்டரியில செய்யுற செயற்கை வைரம்டி, பொடிப்பொடியா இருக்கும்னா யார் கேக்குறா?

மெஷின் வந்து ஆறு மாசம் எல்லாம் புதுத் தள வேலை. கான்கிரீட் போட்ட மறுநாள் விடியக்காலையில போய் ஜாயிண்ட் வெட்டுறது. சீக்கிரம் வெட்டினா ஜல்லி பேந்து ஓரம் பல்லுப்பல்லா ஆயிடும். லேட்டானா தளம் தன் இஷ்டத்துக்குக் கோடு போட்டுக்கும். தளக் கனத்துல கால்பங்குக்குக் குறையாம ஆழம் எடுத்துட்டா, விரிசல் நம்ம கோட்டுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா. ஒரே பிளேடு அவ்வளவு நாள் தாங்குச்சு. நான் என்னமோ எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி திரிஞ்சேன்.

போன மாசம் அம்பத்தூர்ல ஒரு பழைய ஷெட்டு. புது பிரஸ் மெஷினுக்கு அஸ்திவாரம் போடணும், தளத்துல மூணு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் கட்டம் வெட்டிக் குடுன்னாங்க. 200 மி.மீ. கனம், ரெண்டு அடுக்குக் கம்பி, வயசு இருபது வருஷத்துக்கு மேலே. சுத்தளவே பத்து மீட்டர்தான், மத்தியானச் சோத்துக்குள்ளே முடிச்சிடலாம்னு வாய்ச்சவடால் விட்டுட்டு பாரிமுனையில புது 18 இஞ்ச் பிளேடு வாங்கப் போனேன். கடைக்காரர் பெரியவர், "பழைய தளமா, புதுத் தளமா? என்ன ஜல்லி?"ன்னு கேட்டார். "எதுவானா என்னங்க, இருக்கிறதுலேயே கெட்டியா ஒண்ணு குடுங்க"ன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துட்டு குடுத்துட்டார்.

ஒரு மணி நேரம், மாப்ளே. ரெண்டு மீட்டர் போகலே. சத்தம் மட்டும் ஊருக்கே கேக்குது. கூட வேலை செய்யுற பையன் கைப்பிடியில தொங்கி அமுக்குறான், நான் பின்னாலேருந்து தள்ளுறேன். கோடு பாம்பு மாதிரி நெளியுது. பிளேடு சூட்டுல ஓரம் நீலம் பாரிச்சுப் போச்சு. ஷெட் மேனேஜர் டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாக்குறார். அடிமேல் அடிச்சா அம்மியும் நகரும்னு நம்ம ஊர்ல சொல்லி வச்சிருக்காங்களே, அதை நம்பி மோசம் போனேன். நிறுத்திட்டு, பிளேடு ஓரத்துல பல்லு மாதிரி இருக்கிற செக்மெண்ட் மேலே கட்டை விரலை வச்சுத் தடவினேன். வழுவழுன்னு இருக்கு. அப்பத்தான் எங்க ஆத்தா குரல் காதுல கேட்ட மாதிரி ஆச்சு: "தேஞ்ச அம்மியில மிளகா அரையுமாடா, கொத்துறவன் வந்தா கூப்பிடு."

அதேதான் சங்கதி! இத்தனை வருஷம் பிளேடு வெட்டுதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தோம். அது வெட்டலே, அரைக்குது. செக்மெண்டுங்கிறது உலோகப் பொடியில வைரப்பொடியைக் கலந்து சுட்டெடுத்த கட்டி. மேல இருக்கிற வைரம் கல்லை அரைச்சு அரைச்சு மழுங்கிடும். அப்ப சுத்தி இருக்கிற உலோகம் தேஞ்சு குடுத்தாத்தான் மழுங்கினது உதிர்ந்து அடியில இருக்கிற புது வைரம் தலை காட்டும். புதுத் தளத்துல மணல் இன்னும் சரியா பிடிக்காம இருக்கும், அந்த மணல் உலோகத்தை வேகமாத் தின்னுடும். அதுக்குக் கெட்டி உலோகம் வேணும். பழைய தளத்துல மணலெல்லாம் இறுகிப் போச்சு, ஜல்லியோ நம்ம கருங்கல். வைரம்தான் மழுங்குது, உலோகம் தேயவே மாட்டேங்குது. அங்கே கெட்டி உலோகம் போட்டா பளபளன்னு பாலிஷ் ஏறி உக்காந்துக்கும். கெட்டிக் கல்லுக்கு மெது உலோகம், மெது கல்லுக்குக் கெட்டி உலோகம். நான் தலைகீழா வாங்கியிருக்கேன்.

பெரியவருக்கு போன் போட்டேன். சிரிக்கலே, அதுவே பெரிசு. "நாலு ஹாலோ பிளாக் வாங்கி, அதுல பத்துப் பதினஞ்சு வெட்டு வெட்டுங்க. வாய் திறக்கும். அதுக்கப்புறம் அமுக்காதீங்க, மெஷின் எடைக்கே விடுங்க. ஆனா நாளைக்கு வந்து வேற பிளேடு எடுத்துக்குங்க"ன்னார். ஹாலோ பிளாக் வெட்டினதும் விரல்ல சொரசொரன்னு தட்டுச்சு. அம்மி கொத்தியாச்சு! மறுநாள் மெது உலோகப் பிளேடு போட்டு, முதல் சுத்து 40 மி.மீ. ஆழம் மட்டும் கோட்டுக்கு நேரா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். 18 இஞ்ச் பிளேடே 165 மி.மீ. சுமாருக்குத்தான் இறங்கும், மிச்சத்தை பிரேக்கர்ல உடைச்சோம். மூலைக்கு மூலை கோர் டிரில்ல வட்ட ஓட்டை போட்டுட்டேன், இல்லேன்னா வட்டப் பிளேடு அடி மூலையை விட்டுட்டு மேலே தாண்டி வெட்டிடும். மேனேஜர் ரெண்டாவது டீ எனக்கு வாங்கிக் குடுத்தார்.

வீட்ல இந்தக் கதையைச் சொன்னா பெரியவ ஒரே சிரிப்பு. "அப்பா, அந்தக் கல்லுக்குப் பேரு சார்னோக்கைட். இங்கே நம்ம பல்லாவரத்துக் கல்லுதான்"கிறா. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரன் சமாதி இருக்காம். அந்தச் சமாதிக் கல்லை ஆராய்ச்சி பண்ணி ஹாலண்டுன்னு ஒருத்தர் 1893-ல அவன் பேரையே கல்லுக்கு வச்சுட்டாராம். நாம வருஷக்கணக்கா முதுகுல சுமந்த ஜல்லி, பேரு மட்டும் அவனோடது. "இதுல குவார்ட்ஸ் இருக்குப்பா, அதான் பிளேடு மழுங்குது"ன்னும் சொன்னா. அதோட விட்டிருக்கலாம். "குவார்ட்ஸ்னா சிலிக்கா. நுரையீரலுக்குள்ள போனா வெளியே வராது"ன்னு சேர்த்துச் சொன்னா.

இப்ப ரெண்டாவது விஷயம். நம்ம கூட்டாளி தாடியைப் பார்த்துட்டு வந்தேன்.

இருமல்னு சொன்னானே, டிபின்னு ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டானே, அது அடங்கலே. வேற இடத்துல படம் எடுத்துப் பார்த்ததுல நுரையீரல் பூரா பொடிப்பொடியா புள்ளி. என்ன வேலை செஞ்சீங்கன்னு டாக்டர் கேட்டாராம். அதுவரைக்கும் யாரும் கேக்கலே. சிலிக்கோசிஸாம், கல்தூசு நுரையீரல்ல படிஞ்சு வர்ற நோய். சரியாகாது, இதோட நிறுத்தப் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. மாடிப்படி நாலு ஏறிட்டு உக்காந்துக்கிறான். நம்ம தாடிடா. சிமெண்ட் மூட்டை ரெண்டை ஒண்ணா தூக்கி "யாருடா பந்தயம்"பானே, அவன்.

நாம மூணு பேரும் அந்த நாலு வருஷம் வயரிங்குக்குச் சுவத்துல காடி வெட்டினது ஞாபகம் இருக்கா? கை கிரைண்டர், சொட்டுத் தண்ணி கிடையாது, மூக்குல நனைச்ச கர்ச்சீப். சாயங்காலம் தலையெல்லாம் வெள்ளையா, "கெழவன் வந்துட்டான்"னு ஒருத்தனை ஒருத்தன் கிண்டல் பண்ணுவோம். கண்ணுக்குத் தெரிஞ்ச தூசு மூக்குலேயே நின்னுடுமாம். தெரியாததுதான் அடி வரைக்கும் போகுமாம்.

இப்ப என் மெஷின்ல தண்ணி இல்லாம பிளேடு சுத்தாது. பிளேடு சூட்டுக்குன்னுதான் முதல்ல ஊத்தினேன், இப்ப காரணம் வேற. பையனுங்க முனகுறாங்க, "சேறு யாரு அள்ளுறதுண்ணே"ன்னு. காஞ்சா அதுவும் தூசுதான், ஈரமா இருக்கும்போதே அள்ளுங்கடான்னு நிக்கிறேன். ஒரு மேஸ்திரி என்னைத் "தண்ணி கான்ட்ராக்டர்"னு பேர் வச்சுக் கூப்பிடுறான், கூப்பிட்டுட்டுப் போகட்டும்.

நானும் போன வாரம் படம் எடுத்தேன். இப்போதைக்கு ஒண்ணுமில்லே, வருஷா வருஷம் எடுன்னாங்க. நீ எடுத்தியா? அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் பாக்குறாங்கன்னு சொல்லித் தப்பிக்காதே. கிரைண்டர் பிடிச்ச வருஷங்களை டாக்டர்கிட்ட உன் வாயால சொல்லு, அவங்களா கேக்க மாட்டாங்க. மூணு பேரும் ஒரே ரூம்ல ஒரே தூசியைத்தான் தின்னோம்.

தாடிக்குப் பணம் அனுப்பறதா இருந்தா அவன் சம்சாரம் பேருக்கு அனுப்பு, அவன்கிட்ட சொல்லாதே. உன் மேல இருக்கிற பழைய முந்நூறு ரூபா கடனை இன்னும் மறக்கலே அவன், அதையும் சேர்த்துடு.

உன் மச்சான்,
தண்ணி கான்ட்ராக்டர்

பின்குறிப்பு: அந்தக் கெட்டிப் பிளேடை பெரியவர் திருப்பி எடுத்துக்கலே. அடுத்த புதுத் தளத்துக்கு ஆகும்னு ஆணியில மாட்டியிருக்கேன். உன் தங்கச்சி அதைப் பாக்கும்போதெல்லாம் மூக்கைத் தொட்டுக்கிறா.