ஒரே பாட்டுக்கு ஏன் இரண்டு விலை? பழைய மலாய் இசைத்தட்டு வாங்குவோருக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரே பாடகர், ஒரே உறை, அதே நான்கு பாட்டு. ஒரு தட்டு 40 ரிங்கிட், பக்கத்தில் இருப்பது 120. அதிலும் பளபளப்பாக இருப்பது மலிவு, கீறல் தெரிவது விலை கூட! "விலையை மாற்றி ஒட்டிவிட்டீர்களா?" என்று கேட்பவர்களுக்காகவே இந்த மடல். மாற்றி ஒட்டவில்லை. நாங்கள் தரம் போடுவது காதை வைத்து, கண்ணை வைத்து அல்ல.

1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசிக்கும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்த பிறகு, அங்கும் மலாயாவிலும் கித்தார் குழுக்கள் பெருகின. மலாயில் 'கும்புலான் கித்தார் ராஞ்சாக்', சுருக்கமாகக் 'குகிரான்'. பீட்டில்ஸின் 'யே யே' இதோடு சேர்ந்து 'பாப் யே யே' என்று பெயர் நின்றது. அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் 7 அங்குலத் தட்டில், பக்கத்துக்கு இரண்டாக வந்தன. அவற்றை இளைஞர்கள் போட்டுக் கேட்டது பெட்டி போல மூடித் தூக்கிப்போகும் சின்ன பிளேயர்களில். இன்றைய ஊசி 2 கிராம் எடையில் தட்டைத் தொடுகிறது. அந்தப் பிளேயர்களில் அது 5, 6 கிராம், அதற்கு மேலும் இருக்கும். விருந்துக்கு விருந்து ஓடிய தட்டில் பள்ளத்தின் சுவரே தேய்ந்திருக்கும். மேலே கீறலே இருக்காது, எந்தக் கழுவலுக்கும் அது சரியாகாது.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்க முதல் பாட்டைப் போடாதீர்கள், இரண்டாவதைப் போடுங்கள். நிமிடத்துக்கு 45 சுற்றில் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 40 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்கு அருகே அது 25 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி குறுகிய இடத்தில் நெருக்கியடித்துப் பதிந்திருப்பதால் கனத்த ஊசி முதலில் கெடுப்பது அந்த இடத்தைத்தான். 'ச' ஓசை வருகிற இடத்தில் காதைக் கொடுங்கள். காதல் பாட்டென்றால் 'சாயாங்' (அன்பு), 'செத்தியா' (விசுவாசம்) இரண்டில் ஒன்றாவது வராமல் போகாது. அந்த 'ச' தகரத்தைக் கிழிப்பதுபோல் கேட்டால் அது எங்களிடம் 'இ' தரம், உறை எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. கீறல் இருந்தும் 'டிக்' என்று நாலைந்து முறை மட்டும் தட்டிவிட்டு, குரல் சுத்தமாக வந்தால் 'ஆ'. இரண்டு பக்கமும் கடைசி வரை தெளிவென்றால், மேலே கீறல் தெரிந்தாலும், 'அ'. 120 ரிங்கிட் அந்த 'அ'வுக்குத்தான்.

வீட்டில் போட்டபோது இரைச்சல் என்று திரும்பி வருகிற தட்டுகளில் பல, பிளேயரை மாற்றி அமைத்தாலே சரியாகின்றன. 60களின் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடம். மோனோவில் பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கும் பகுதி) மேல்கீழ் அசைவையும் சேர்த்து எடுக்கும். அந்த அசைவில் பாட்டு கிடையாது, தூசும் தேய்மானமும்தான். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும். ஊசி மாற்றுவதென்றால் 25 மைக்ரான் உருண்டை முனை கேளுங்கள். 18 மைக்ரான் முனை பள்ளத்தின் அடியில் அழுக்கு தங்கும் இடம் வரை இறங்கிவிடுகிறது.

நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வராத தட்டு அபூர்வம். பூஞ்சையோடு ஓட்டினால் ஊசி அதைப் பள்ளத்துக்குள் அரைத்துவிடும், முதலில் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர் 3 பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 1 பங்கு, வாசனை இல்லாத சோப்புநீர் ஒரு சொட்டு. மெல்லிய துணியால் பள்ளம் ஓடும் திசையில் வட்டமாகத் துடைத்து, வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். லேபிள் நனையக் கூடாது. 78 சுற்று அரக்குத் தட்டில் மட்டும் இந்தக் கலவையைத் தொடவே தொடாதீர்கள், ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மலாய் நடிகரும் பாடகருமான பி. ரம்லியின் 50களின் பாட்டுகள் அப்படிப்பட்ட தட்டுகளில் உண்டு. கழுவியதைப் பழைய தாள் உறைக்குள் திரும்பச் செருகினால் பூஞ்சை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். புது உள்ளுறை போடுங்கள். காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் தட்டு அப்பளமாகிவிடும்.

ஆண்டு போடாத தட்டின் காலத்தை எப்படிச் சொல்கிறீர்கள் என்றும் கேட்கிறீர்கள். உறையில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். 1972இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் எழுத்துமுறையை ஒன்றாக்கின. 'சிந்தா' (காதல்) என்ற சொல் அதுவரை இங்கே 'சி, எச்' என்ற இரண்டு ரோமன் எழுத்தில் தொடங்கியது, இந்தோனேசியாவில் 'டி, ஜே'. பிறகு இரு நாட்டிலும் 'சி' ஒன்றே. 'லாகு' என்று எழுதி, பாட்டுகள் எனப் பன்மை காட்டப் பக்கத்தில் '2' போட்டதும் பழைய வழக்கம்தான். ஆகவே ஒற்றைச் 'சி' அச்சிட்ட உறையைக் காட்டி 1966இன் முதல் பதிப்பு என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். பழைய எழுத்து இருப்பது மட்டும் 1972க்கு முந்தையது என்று சொல்லப் போதாது, சில அச்சகங்கள் உடனே மாறிவிடவில்லை. எங்கள் பட்டியலில் தேடும்போது இரண்டு எழுத்திலும் தேடுங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. பினாங்கில் பிறந்த நடிகர், இயக்குநர் பி. ரம்லி வேறு, ரிதம் பாய்ஸ் குழுவோடு பாடிய யே யே பாடகர் ஏ. ரம்லி வேறு. தி ஸ்வாலோஸ் குழுவின் தட்டை "மலாய் சரியாகக் கேட்கவில்லை" என்று திருப்பித் தருகிறவர்களுக்கு: தட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் குழுவின் பாடகர் காசிம் செலாமட் சில பாட்டுகளைப் பாடியது இந்தோனேசியாவின் பாவியான் தீவு மொழியில்.

அதிகம் கேட்கப்படும் ஆலிகேட்ஸ் குழு பற்றியும் ஒரு வார்த்தை. டேவிட் ஆறுமுகமும், 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் பாடிய அந்த நெடுந்தட்டுகள் (எல்.பி.) 70களின் கடைசியிலிருந்து வந்தவை, ஸ்டீரியோ. மேலே சொன்ன மோனோ பொத்தானும் 25 மைக்ரான் ஊசியும் அவற்றுக்கு வேண்டாம். நிறைய விற்றவை என்பதால் 'ஆ' தரமே எளிதில் கிடைக்கும். 'இ' தரத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள், எங்களிடமாக இருந்தாலும்.

வாங்கிய 7 நாளுக்குள் எந்தத் தட்டையும் திருப்பித் தரலாம். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் கோளாறு, என்ன ஊசி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வாருங்கள்; உங்கள் முன்னாலேயே ஓட்டிப் பார்ப்போம். கழுவித் தர ஒரு தட்டுக்கு 8 ரிங்கிட், புது உள்ளுறையும் சேர்த்து.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்