கோலம் இல்லாத வாசல்

பாளையங்கோட்டை
19 டிசம்பர்

அன்புள்ள வசந்தி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுதாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ அழ ஆரம்பித்தால் நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் பழையபடி பேனாவும் தாளும்.

'என்.கே. செல் 18 சதவீதம்' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு இயற்கைக் கொல்லி செல் என்று அர்த்தம் தெரிந்ததிலிருந்து, தன் உடம்பே தன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டது என்று சுதா புலம்புவதாக எழுதியிருந்தாய். இரண்டு கருவை இழந்தவளிடம் இப்படி ஒரு பேரை விளக்கமில்லாமல் நீட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

அந்தப் பேர் வந்த கதையைக் கேள். நாம் எம்.எஸ்சி. படித்தபோது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் என்று டி செல்லையும் பி செல்லையும் வரைந்து வரைந்தே கை ஓய்ந்தோம். மூன்றாவதாக ஒன்று இருப்பதாக நம் நோட்டில் ஒரு வரி கிடையாது. இத்தனைக்கும் 1975-லேயே ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் மூவரும் அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். ரத்தப் புற்றுச் செல்லை முன்பின் பார்த்திராத எலியின் மண்ணீரல் செல்கள், அதை எடுத்த எடுப்பில் கொன்றன. ஒப்பிட்டுப் பார்க்கக் கண்ட்ரோலாக வைத்த எலி இப்படிச் செய்யக் கூடாதே! சோதனையில் ஏதோ பிசகு என்று பலர் ஒதுக்கிய விஷயம் அது. பழக்கப்படுத்தாமலே கொன்றதால் 'இயற்கைக் கொல்லி'. கண்ணாடித் தட்டில் ஒரு நாள் பார்த்ததை வைத்து இட்ட பேர், அவ்வளவுதான்.

எதைப் பார்த்துக் கொல்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மார்கழி பிறந்து நாலு நாள் ஆகிறது. முழங்கால் வலியோடு நானும் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தெருவில் ஒரு வாசல் மட்டும் வெறிச்சென்று கிடந்தால், 'அந்த வீட்டில் என்ன ஆச்சு?' என்று நமக்குத் திக்கென்கிறதில்லையா? என்.கே. செல்லும் அப்படித்தான். நம் உடம்பின் செல்களில் பெரும்பாலும் எல்லாமே எம்.ஹெச்.சி. என்ற புரதத்தை வெளியே காட்டிக்கொண்டிருக்கும். டி செல் வந்து பார்ப்பது அதைத்தான். அதனிடம் சிக்காமலிருக்கச் சில வைரஸ்களும் புற்றுச் செல்களும் அந்தக் கோலத்தையே அழித்துவிடும். வெறும் வாசலைக் கண்டதும் என்.கே. நிற்கும். ஆபத்துக்கான வேறு அறிகுறியும் தென்பட்டால் பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே விட்டுக் கதையை முடித்துவிடும். 1980-களில் இதைச் சொன்னவர் கிளாஸ் கார்ரெ, அவரும் ஸ்டாக்ஹோம்காரர். சைட்டோமெகலோ வைரஸ் இன்னும் கெட்டிக்காரன். கோலத்தை அழித்த கையோடு, எம்.ஹெச்.சி. போலவே ஒரு போலிப் புரதத்தைச் செய்து வெளியே வைக்கிறது. நம் ஃபிளாட்டுகளில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறார்களே, அது மாதிரி!

இந்தச் செல் அறவே இல்லாத ஒரு பதின்வயதுப் பெண்ணைப் பற்றி 1989-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நமக்கெல்லாம் பத்து நாள் வேப்பிலையோடு போகிற சின்னம்மை அவளை உயிருக்கே ஆபத்தாகப் படுத்தியெடுத்தது. அப்புறமும் அந்த அம்மை வைரஸின் ஹெர்பிஸ் குடும்பத்தையே சேர்ந்த வைரஸ்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்தன.

சரி, சுதா விஷயம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கருப்பை உட்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இனம்தான். கொல்லும் சரக்கு கையில் இருந்தும் அங்கே அது கொலையில் இறங்குவதில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கிவரும் செல்களோடு சேர்ந்து, தாயின் கருப்பை ரத்தக்குழாய்களான சுருள் தமனிகளை அகலப்படுத்துகிறது. வாய்க்காலை வெட்டித் தண்ணீருக்கு வழிவிடுகிற ஆட்கள் மாதிரி. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட் பல வருஷமாக இதைத்தான் ஆராய்ந்தார். அவர் குழு கண்டதைக் கேட்டால் சுதாவே ஆச்சரியப்படுவாள். இந்தச் செல்கள் ரொம்ப அடங்கிக் கிடக்கும்படி தாய்-சேய் மரபணுச் சேர்க்கை அமைந்த தாய்மாருக்குத்தான் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு அதிகம் வருகிறது.

இன்னொன்று, கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் இருப்பது வேறு வகை. கருப்பையில் நடப்பதை அது சொல்லாது. அந்த எண்ணும் நிலையானதல்ல, வேகமாக மாடி ஏறினாலே கூடிவிடும். சாதாரணமாக 5 முதல் 15 வரை என்பார்கள். 18 என்பதற்கு இத்தனை சிவப்பு மை தேவையில்லை. தொடர் கருச்சிதைவுக்கு இந்தப் பரிசோதனையைச் சிபாரிசு செய்யப் போதிய ஆதாரமில்லை என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2017-லேயே எழுதிவிட்டது. பால் மாதிரி வெள்ளையாக ஒரு டிரிப் ஏற்றச் சொன்னார்களே, அந்த இன்ட்ராலிபிட் சோயா எண்ணெயும் முட்டைக் கருக் கொழுப்பும் கலந்தது. அதற்கும் அதே பதில்தான். நகையை அடகு வைக்கிற பேச்சை இத்தோடு விடு.

கருச்சிதைவுக்குக் காரணம் தேட, ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி, தைராய்டு, கருப்பை அமைப்புக்கான ஸ்கேன், இந்த மூன்றும் பார்த்தாயிற்றா? நீ அனுப்பியதில் தைராய்டு மட்டும்தான் கண்ணில் பட்டது. வேறொரு டாக்டரிடம் காட்டலாம், நானும் கூட வருகிறேன்.

சனிக்கிழமை ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன். ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வை. ஞாயிற்றுக்கிழமை வாசலைச் சுதாவுக்கும் எனக்கும் விட்டுவிடு. கோலமாவு நான் கொண்டுவருகிறேன், உன் ஊர் மாவு விரலில் நிற்காது.

உன்,
மங்கை